மாஅத்தைப் படிக்கத் தொடங்குவோருக்கு: பண்டைய எகிப்தின் உண்மையும் நீதியும்

பண்டைய எகிப்தைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் யாராயினும், தலையில் ஒற்றை இறகைச் சூடிய ஒரு பெண் உருவத்தை வெகு சீக்கிரமே சந்தித்துவிடுவார். அதன் கீழே பெரும்பாலும் 'மாஅத்: உண்மைக்கும் நீதிக்கும் உரிய தெய்வம்' என்ற ஒரு வரி விளக்கம் இருக்கும். அந்த விளக்கத்தில் தவறில்லை; ஆனால் அதோடு நின்றுவிட்டால், மூவாயிரம் ஆண்டுகளாக அரசர், அமைச்சர், எழுத்தர், கல் தச்சர் எனப் பலரும் புழங்கிய ஒரு கருத்து வெறும் கோயில் சிலையாகச் சுருங்கிவிடும். எகிப்தியர் தம் கல்வெட்டுகளில் மாஅத்தை 'வணங்கினேன்' என்று எழுதுவதைக் காட்டிலும் 'செய்தேன்', 'பேசினேன்' என்று எழுதுவதே மிகுதி. ஆகவே தெய்வத்திடமும் மறுமையிடமும் கடைசியில் போகலாம். எழுத்திலும், வழக்கிலும், கூலியிலும் அது எப்படி இருந்தது என்பதை முதலில் பார்ப்பதே நல்ல வரிசை என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: சொல்லை எழுத்தில் அடையாளம் காணுங்கள்

எகிப்தியச் சித்திர எழுத்தைக் கற்காமலே இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட முடியும். முழுமையாக எழுதப்படும்போது ஓர் அரிவாள், நீண்டு ஒடுங்கிய ஒரு பீடம், நீட்டிய முன்கை, அரைவட்ட வடிவிலான சிறிய ரொட்டி ஆகிய குறிகள் வரும். அவற்றுக்குப் பின் இறகோ, இறகு சூடி முழங்காலை மடக்கி அமர்ந்த பெண்ணோ வரும். சில இடங்களில், சொல் ஒரு கருத்தைக் குறிக்கிறது என்று காட்டுவதற்காகச் சுருட்டிய பாப்பிரஸ் ஓலையின் குறியும் இறுதியில் சேரும். எழுத்தர்கள் எல்லாக் குறிகளையும் எப்போதும் எழுதுவதில்லை. இடம் குறைவாக இருந்தால் இறகு மட்டுமோ, அமர்ந்த பெண் மட்டுமோ போதும்.

இவ்வெழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை என்பதால், 'மாஅத்' என்று நாம் சொல்வது ஆய்வாளர் வசதிக்காக வைத்துக்கொண்ட ஒலிப்புதான். உண்மையான ஒலிப்புக்குச் சற்று நெருக்கமான சான்று எகிப்துக்கு வெளியே உள்ள எழுத்தில் கிடைக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டு அரசர்கள் களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் எழுதிய அமர்னா கடிதங்களில், மூன்றாம் அமென்ஹோத்தெப்பின் 'நெப்-மாஅத்-ரே' என்னும் அரியணைப் பெயர் 'நிம்முரேயா', 'நிப்முஅரேயா' என்பன போன்ற வடிவங்களில் வருகிறது. அக்காலத்தவர் காதில் இச்சொல் 'முஅ' என்பதுபோல் விழுந்திருக்க வேண்டும். பிற்காலத்தில், எகிப்தியக் கிறித்தவர்களின் காப்டிக் மொழியில், உண்மையைக் குறிக்க 'மே' என்ற சுருங்கிய வடிவம் எஞ்சியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இறகைக் கண்டவுடன் மாஅத் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காற்றுக்குரிய ஷூ என்னும் ஆண் தெய்வமும் ஒற்றை இறகு சூடுவார். மேற்குத் திசைக்குரிய தெய்வம் தலையில் தாங்கும் குறியிலும் சில வேளைகளில் இறகு இருக்கும். உருவத்துக்கு அருகே எழுதப்பட்டுள்ள பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: அரசர் பெயர்களில் தேடுங்கள்

அடுத்த பயிற்சி எளிது. விளையாட்டுப்போல் சுவையாகவும் இருக்கும். அரசர் பெயரைச் சுற்றி வரையப்படும் நீள்வளையத்துக்குள் இந்தப் பெண் உருவத்தைத் தேட வேண்டும். ஒரு சூரிய வட்டம், அமர்ந்த மாஅத், ஒரு கூடை என்று இருந்தால் அது மேலே சொன்ன 'நெப்-மாஅத்-ரே'. 'மாஅத்தின் தலைவன் ரே' என்று பொருள்படும். சூரியக் கடவுளுக்கு மரியாதையாக வட்டத்தை முதலில் எழுதினாலும் இறுதியில்தான் படிக்க வேண்டும். ஹட்ஷெப்சுட் அரசியின் அரியணைப் பெயர் மாஅத்-கா-ரே. முதலாம் சேத்தியுடையது மென்-மாஅத்-ரே. இரண்டாம் ராம்செஸ் உடையது உசெர்-மாஅத்-ரே. இந்த உசெர்-மாஅத்-ரே கிரேக்கர் வாயில் திரிந்துதான் 'ஓசிமாண்டியாஸ்' ஆயிற்று.

இரண்டாம் ராம்செஸ்ஸின் பெயர் படத்திலிருந்தே படிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அபு சிம்பெல் பெரிய கோயிலின் முகப்பில், நான்கு பேருருவச் சிலைகளுக்கு நடுவே, வாயிலுக்கு மேலுள்ள மாடத்தில் பருந்துத் தலையுடைய சூரியக் கடவுள் நிற்கிறார். அவருடைய ஒரு கையருகே 'உசெர்' என்னும் குறியான விலங்குத் தலைக் கோலும், மறு கையருகே மாஅத் உருவமும் உள்ளன. கோலையும், மாஅத்தையும், நடுவில் நிற்கும் ரேயையும் சேர்த்துப் படித்தால் அரசரின் பெயர் வந்துவிடுகிறது. சுற்றுலாப் படங்களில் பெரும்பாலோர் கீழேயுள்ள நான்கு சிலைகளை மட்டுமே பார்க்கிறார்கள். அடுத்த முறை மேலேயும் பாருங்கள்.

இப்பெயர் வழக்கம் மிகப் பழையது. நான்காம் வம்சத்து ஸ்னெஃப்ரு தமக்கு 'நெப்-மாஅத்' என்றே ஒரு பட்டப்பெயர் சூட்டிக்கொண்டார். பழைய தெய்வங்களை ஒதுக்கிய அகெனாத்தென்கூட, மாஅத்தில் வாழ்பவன் என்ற அடைமொழியைக் கைவிடவில்லை. ஆட்சிக்கான உரிமையே இச்சொல்லில் அடங்கியிருந்ததுதான் காரணம். ஐந்தாம் வம்சத்தின் கடைசி அரசரான உனாஸின் பிரமிடுக்குள், சக்காராவில், செதுக்கப்பட்டுள்ள மந்திரங்களில் ஒன்று, அரசர் இஸ்ஃபெத் இருந்த இடத்தில் மாஅத்தை வைத்தார் என்கிறது. 'இஸ்ஃபெத்' என்பதையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். குலைவு, அநீதி, தீங்கு ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். இவ்விரண்டையும் இணையாக நினைவில் வைத்தால் அரச கல்வெட்டுகள் பாதி புரிந்துவிடும்; ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் துத்தன்காமுனின் சீரமைப்புக் கல்வெட்டும் இதே இணையைத்தான் பயன்படுத்துகிறது.

மூன்றாம் படி: ஒரு வழக்கைப் படியுங்கள்

மாஅத் என்றால் என்ன என்று ஒரே ஒரு நூலை வைத்துக் கற்க வேண்டுமானால், இறந்தவரோடு புதைக்கப்பட்ட மந்திரச் சுருளான மறுமை நூலை விட்டுவிட்டு, 'நாவன்மை மிக்க குடியானவன்' என்று ஆய்வாளர் குறிப்பிடும் கதையையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மத்திய அரசு (ஏறத்தாழ கி.மு. 2000–1700) எனப்படும் காலத்துப் பாப்பிரஸ் சுருள்கள் நான்கில் இது எஞ்சியுள்ளது. நல்ல மொழிபெயர்ப்புகள் உள்ளன.

குனானுப் என்ற குடியானவன் நைல் கழிமுகத்துக்கு மேற்கே பாலைநிலத்தில் உள்ள வாடி நத்ரூன் பகுதியிலிருந்து, உப்பு முதலிய சரக்குகளைக் கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு, தானியம் வாங்கப் புறப்படுகிறான். வழியில் நெம்தினக்த் என்பவனின் வீட்டருகே பாதை மிகவும் ஒடுங்குகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெம்தினக்த்தின் பார்லி வயல். சரக்கின் மேல் கண் வைத்த நெம்தினக்த், வேலைக்காரனை அனுப்பி ஒரு துணியைக் கொண்டுவரச் செய்து, அதன் ஒரு கரை தண்ணீரிலும் மறு கரை பார்லியிலும் படும்படி பாதையில் விரித்து, 'என் துணியை மிதிக்காதே' என்கிறான். வயலோரமாக ஒதுங்கும்போது ஒரு கழுதை ஒரு வாய் பார்லியைக் கடித்துவிடுகிறது. அதுவே போதுமானதாகி, கழுதைகள் பறிக்கப்படுகின்றன, குனானுப் அடிபடுகிறான். கத்தாதே என்று மிரட்டியபோது, அடித்தாய், பொருளைப் பறித்தாய், இப்போது என் வாயிலிருக்கும் முறையீட்டையும் பறிக்கப் பார்க்கிறாயா என்று அவன் கேட்கும் கேள்விதான், என் பார்வையில், கதையின் உண்மையான தொடக்கம்.

அவன் ரென்சி என்ற உயர் அதிகாரியிடம் முறையிடுகிறான். அவனுடைய பேச்சின் அழகைக் கேள்விப்பட்ட அரசர் நெப்காஉரே, பதில் சொல்லாமல் அவனைப் பேசவிட்டு, பேச்சை எழுதி வைக்கும்படியும், அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அவர்கள் அறியாமலே உணவு தரும்படியும் ஆணையிடுகிறார். இப்படி ஒன்பது முறையீடுகள் நடக்கின்றன. இடையில் சவுக்கடியும் விழுகிறது. நியாயம் கேட்டு வந்தவனை, பேச்சு நன்றாக இருக்கிறது என்பதற்காகவே நிற்கவைத்து இழுத்தடிப்பது நியாயமா என்ற கேள்வியைக் கதை வெளிப்படையாகக் கேட்பதில்லை. சுருக்கிச் சொல்பவர்கள் இந்தக் கசப்பை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

முறையீடுகளைப் படிக்கும்போது தராசு வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். குனானுப், ரென்சியையே தராசு என்கிறான்: நாக்கு அதன் தூக்குக்குண்டு, இதயம் எடைக்கல், உதடுகள் அதன் கைகள், நீயே முகத்தைத் திருப்பிக்கொண்டால் தீமையைத் தடுப்பவர் யார் என்று கேட்கிறான். சோம்பலுக்கு நேற்று இல்லை, மாஅத்துக்குச் செவிடானவனுக்கு நண்பன் இல்லை, பேராசைக்காரனுக்குத் திருநாள் இல்லை என்பதும் அவன் வாயில் வரும் வாக்கியமே. கேட்க வேண்டியவர் கேட்பது, செய்தவருக்குச் செய்வது, முன்பு செய்ததை மறவாதிருப்பது என்று மனிதர்களைத் தம்முள் பிணைக்கும் நடைமுறையாகவே இங்கே மாஅத் பேசப்படுகிறது. கடைசியில் கழுதையைப் பறித்தவனின் உடைமை குனானுப்புக்கு வந்து சேர்கிறது.

நான்காம் படி: தீர்ப்பு வழங்குவோரின் விதிகளைப் பாருங்கள்

ஐந்தாம் வம்சத்திலிருந்தே தலைமை அமைச்சர்கள் 'மாஅத்தின் பூசகர்' என்ற பட்டத்தையும் ஏற்றனர். இதைச் சமயப் பட்டமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்குகளை விசாரிக்கும் பொறுப்பு அவர்களுடையது. லக்சருக்கு எதிர்க்கரையில், ஷேக் அப்த் எல்-குர்னாவில் உள்ள ரெக்மிரேயின் கல்லறையில், மூன்றாம் துட்மோஸ் அவரை அமைச்சராக அமர்த்தியபோது சொன்ன அறிவுரை சுவரில் எழுதப்பட்டுள்ளது. அமைச்சர் பதவி இனிப்பானதன்று, பித்தநீர்போல் கசப்பானது என்று அது தொடங்குகிறது.

அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டு தொடக்கநிலை வாசகர் கட்டாயம் படிக்க வேண்டியது. முற்கால அமைச்சரான கேத்தி, தம் உறவினருக்குச் சலுகை காட்டினார் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று அஞ்சி, உறவினருக்கு எதிராகவே தீர்ப்பளித்தாராம். அது மாஅத்தை மிஞ்சிய செயல் என்று அரசர் கண்டிக்கிறார். அறிந்தவரையும் அறியாதவரையும் ஒரே கண்ணால் பார் என்பதே கட்டளை. பெயர் கெடாமல் இருப்பதற்காகத் தன்னைச் சேர்ந்தவனை நசுக்குவதும் சாய்ந்த தராசுதான். நேர்மையை மிகையாகக் காட்டிக்கொள்வதைக் குற்றமாகக் கண்ட இந்த நுட்பம், கல்லறைச் சுவரில் வழக்கமாக எழுதப்படும் புகழுரைகளுக்கு நடுவே இருப்பது வியப்புக்குரியது.

ஐந்தாம் படி: 'மாஅத்தின் இடம்' என்ற ஊருக்குச் செல்லுங்கள்

அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளர் வாழ்ந்த ஊர் இன்று தேர் எல்-மதீனா எனப்படுகிறது. அக்காலத்தில் அவ்விடத்தின் பெயர் 'செத் மாஅத்', அதாவது மாஅத்தின் இடம். தொழிலாளர்கள் தம்மை 'மாஅத்தின் இடத்துப் பணியாளர்' என்று எழுதிக்கொண்டார்கள். இவ்வூர் நமக்கு வாய்த்த பேறு என்றே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானையோடுகளிலும் அன்றாடக் கணக்குகள், சண்டைகள், கடிதங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் இங்கே கிடைத்துள்ளன.

இரண்டை மட்டும் சொல்கிறேன். மூன்றாம் ராம்செஸ்ஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், கூலியாகத் தரவேண்டிய தானியம் வராததால் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு, ஊரின் காவல் சுவர்களைத் தாண்டிச் சென்று கோயில்களுக்கு அருகே அமர்ந்தார்கள். பசியும் தாகமும்தான் தங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, இதை அரசருக்கு எழுதுங்கள் என்று அவர்கள் சொன்னதை எழுத்தர் பதிவு செய்தார். அப்பாப்பிரஸ் இன்று தூரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

மற்றொன்று மென்னா என்ற தொழிலாளியின் வழக்கு. காவல் தலைவனான மொந்துமோஸ் அவரிடம் ஒரு பானை கொழுப்பு வாங்கி, பார்லியாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், தரவில்லை. மென்னா ஊர் நீதிமன்றமான 'கென்பெத்'தில் திரும்பத் திரும்ப முறையிட்டார். 18 ஆண்டுகளுக்குப் பின், அரசரே மாறிவிட்ட நிலையில், குறித்த நாளுக்குள் தராவிட்டால் நூறு அடியும் இரு மடங்குக் கடனும் ஏற்பதாகக் காவல் தலைவன் சத்தியம் செய்தான். மாஅத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலேயே அது இவ்வளவு மெதுவாக நடந்தது என்பதையும், ஆயினும் ஒரு கல் தொழிலாளி காவல் தலைவனை விடாமல் மன்றத்துக்கு இழுக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: இப்போது இதயத்தை எடைபோடும் காட்சிக்கு வாருங்கள்

இத்தனைக்கும் பிறகு பார்த்தால் புகழ்பெற்ற இந்தக் காட்சி வேறு விதமாகத் தெரியும். ஆனி என்ற எழுத்தருக்காகச் செய்த மறுமை நூல் பாப்பிரஸ் பயிற்சிக்கு ஏற்றது; ஏறத்தாழ கி.மு. 1250ஐச் சேர்ந்த இச்சுருளை வாலிஸ் பட்ஜ் 1888இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கினார். சுமார் 24 மீட்டர் நீளமிருந்ததை அவர் 37 துண்டுகளாக வெட்டிவிட்டார் என்பது இன்றும் வருத்தம் தரும் செய்தி. அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இடப்பக்கம் ஆனியும் மனைவி துத்துவும் குனிந்து வருகிறார்கள். நடுவே தராசு, ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஅத்தின் இறகு. நரித்தலை அனுபிஸ் முழங்காலிட்டுத் தராசைச் சரிபார்க்கிறார். வலப்பக்கம் அரிவாள்மூக்கன் என்னும் பறவையின் தலையுடைய தோத் எழுதுகோலுடன் முடிவைப் பதிகிறார். அவருக்குப் பின்னால் முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல் கொண்ட அம்மித் காத்திருக்கிறாள். எல்லோரும் அம்மித்தையே பார்ப்பார்கள். நீங்கள் அனுபிஸின் கையைப் பாருங்கள். அவர் கவனம் தூக்குக்குண்டின் மேல் இருக்கிறது. இதயத்தை எடைபோடும் முன் கருவி நேராக இருக்கிறதா என்று பார்க்கிறார். குனானுப் ரென்சியிடம் கேட்டதும் இதைத்தான்.

இங்கே பரவலான ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளலாம். இதயம் இறகைவிட இலேசாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. படங்களில் தேடப்படுவது சமநிலையே. மேலும், இச்சுருள்கள் இறந்தவருக்காக விலைகொடுத்துச் செய்யப்பட்டவை. பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவையும் உண்டு. வாங்கியவர் தோற்றதாக யாரும் வரைந்து தரப்போவதில்லை. காட்சியோடு வரும், ஆய்வாளர் 30B என்று எண்ணிட்ட மந்திரம், 'என் தாயின் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்று கெஞ்சுகிறது. நேர்மையான விசாரணையையும், அதில் தப்பிக்க ஒரு மந்திரத்தையும் எகிப்தியர் ஒரே சுருளில் வைத்திருந்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் உண்மையான எகிப்து என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அடுத்து 125ஆம் மந்திரத்தைப் படியுங்கள். 42 தெய்வங்களின் முன் இறந்தவர் 'நான் இதைச் செய்யவில்லை' என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். இதை 'மாஅத்தின் 42 சட்டங்கள்' என்று அழைக்கும் இக்கால வழக்கத்தை நம்ப வேண்டாம். இவை கட்டளைகளல்ல, மறுப்புகள். வரிசையும் சொற்களும் சுருளுக்குச் சுருள் மாறும். கொலை, திருட்டு மட்டுமல்லாமல், தராசின் எடையில் கை வைக்கவில்லை, நில அளவைக் குறைக்கவில்லை, ஓடும் நீரை அணையிட்டுத் தடுக்கவில்லை, குழந்தைகள் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஒட்டுக்கேட்கவில்லை என்பவையும் வருகின்றன. வயலும் வாய்க்காலும் சந்தையும் இதில் நிறைந்திருப்பதால், மறுமை நூல் என்று பெயரிட்டாலும் இது நைல் கரையில் வாழ்ந்த ஊராரின் சச்சரவுப் பட்டியலாகவும் படிக்கத் தக்கது.

ஏழாம் படி: ஒரு கல்லறைக் கல்லின் முன் நின்று பாருங்கள்

எகிப்தியப் பொருள்கள் உள்ள எந்த அருங்காட்சியகத்திலும் கல்லறைக் கற்கள் இருக்கும். அவற்றில் இறந்தவரின் பெயருக்குப் பின்னால் ஒரு துடுப்பும், முதற்படியில் பார்த்த ஒடுங்கிய பீடமும் சேர்ந்து வருகின்றனவா என்று தேடுங்கள். அதுவே 'மாஅ-கெரு', குரல் உண்மையானவர். எடைபோடும் மன்றத்தில் வென்றவர் என்பது கருத்து. பெண்ணின் பெயருக்குப் பின் சிறு ரொட்டிக் குறியும் சேர்வதுண்டு. பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்துத் தன்வரலாற்றுக் கல்வெட்டாக இருந்தால், 'என் ஊரிலிருந்து வந்தேன், மாஅத்தைச் செய்தேன், மாஅத்தைப் பேசினேன்' என்ற தொடரும், பசித்தவனுக்கு ரொட்டியும் ஆடையற்றவனுக்கு ஆடையும் தந்தேன் என்ற தொடரும் அருகருகே வரும் வாய்ப்பு அதிகம். காட்சிப் பலகையின் மொழிபெயர்ப்பில் இத்தொடர்களைக் கண்டால், கல்லில் இறகு எங்கே இருக்கிறது என்று விரலால் காற்றில் சுட்டிக்கொண்டே வரிசையாகத் தேடிப் பாருங்கள். குறிகளில் உள்ள பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறார்களோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் வாசிப்பு தொடங்கும்.